எண்ணூற்றைம்பது லிட்டர் கடல்

ஜூன் 2, திங்கள்

தொட்டி வந்துவிட்டது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். இறக்கி வைக்க ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் முதலில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். புருஷன் போய் இருபத்திரண்டாம் நாள் மீன்தொட்டி இறக்குகிற பெண்பிள்ளையை அவர்கள் கண்டதில்லை போலிருக்கிறது. பார்க்கட்டும்.

ஆர்டர் கொடுத்தது நான் இல்லை, அவர். துறைமுகத்து இழுவைப் படகில் முப்பத்திரண்டு வருஷம் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டுக்குள் ஒரு கடல் வேண்டியிருந்தது. நான்கு வருஷம் நச்சரித்தார். நான்கு வருஷமும் முடியாது என்றேன். உப்புப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் உப்பையே பார்த்தவளுக்கு வீட்டிலும் எதற்கு உப்புத்தண்ணீர்? ஏப்ரலில் போனால் போகிறது என்று தலையாட்டினேன். மே பதினொன்றாம் தேதி காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது தொட்டிக் கண்ணாடி பட்டறையில் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.

கொழுந்தன் வந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடலாமே மைனி என்றார். காபி கொடுத்து அவரைத்தான் திருப்பி அனுப்பினேன்.

கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒரு கைத்தடம் இருந்தது. பட்டறைக்குப் போனபோது அவர் வைத்தது. மோதிரவிரல் பாதிதான், மீதியை இழுவைக் கயிறு என்றைக்கோ கொண்டுபோய்விட்டது. பீரோ கண்ணாடி, டிவி, பிரிட்ஜ் என்று அவர் தொட்டதையெல்லாம் பின்னாலேயே துணியோடு போய்த் துடைக்கிறவள் நான். கை தன்பாட்டில் துணியை எடுத்துத் துடைத்துவிட்டது. துணியைப் பிழியும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஒரு கல்லை எடுத்து என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

ரெக்சன் மச்சாது வந்தார். அலங்கார மீன் கடை வைத்திருப்பவர். அவரும் என் வீட்டுக்காரரும் தொட்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொட்டி வாங்கியது சின்ன வேலை, வடிகட்டி எது என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை என்றார்.

மூடிய டப்பா ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே போய்ப் பஞ்சில் அழுக்கை விட்டுவிட்டு வரும். இவ்வளவு பெரிய தொட்டிக்கு அது காணாது. அடுத்தது கீழ்த்தொட்டி: மேலே இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்து, கீழே மூன்று அறைகளில் சுத்தமாகி, பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறும். அதற்குள் ஸ்கிம்மர் என்று ஒன்று நிற்கும். தண்ணீரில் காற்றைக் குமிழியாக அடித்து, கரைந்து கிடக்கும் அழுக்கையெல்லாம் நுரையாக்கி ஒரு கோப்பையில் தள்ளிவிடும்.

“கடல்ல இருக்கிற மீனுக்கு வடிகட்டி வேண்டாம்க்கா, கடலே வடிகட்டிதான். வீட்டுல அடைச்சு வச்சா எது செத்தாலும், எது கரைஞ்சாலும் உள்ளயே கெடக்கும். நாமதான் வெளிய எடுக்கணும்” என்றார்.

எடுத்ததை எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். சாக்கடையில்தான் என்றார். ஏன் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கீழ்த்தொட்டி என்று முடிவு செய்தேன். கீழே பம்பும் குழாயும் அறைகளுமாக அது ஒரு எஞ்சின் அறை. அவருக்குப் பிடித்திருக்கும்.

ஸ்கிம்மர் சின்னது போதும் என்றேன். ரெக்சன் தலையைச் சொறிந்தார். எல்லோரும் பெரியதுதான் கேட்பார்களாம்.

ஜூன் 7, சனி

பவளமணல் மூன்று மூட்டை வந்தது. ரெக்சன் பரப்பித் தருகிறேன் என்றார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கதவைத் தாழிட்டு, அடியில் ஓர் அடுக்கு பரப்பினேன். பிறகு மேலே ஓர் அடுக்கு. இடது பக்கம், அவருடைய சாய்வு நாற்காலி இருக்கும் பக்கம், கொஞ்சம் கனமாகவே பரப்பினேன். மணல் அரை மூட்டை மீந்தது.

அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

ஜூன் 8, ஞாயிறு

வேப்பமரத்தில் கட்டியிருக்கும் அஸ்திக் கலயத்தின் மஞ்சள் துணியை மாற்றிக் கட்டினேன். காகம் கொத்திக் கிழித்திருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஆழ்கடலுக்குப் போகிற படகிலிருந்து பதினெட்டு டிரம் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு டிரம்மிலும் உப்பின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற விட்டேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கு ராட்சசி என்று பெயர் இருந்தது, அது சும்மா வரவில்லை.

அடுக்குவதற்குச் செயற்கைப் பாறைதான். கடலில் இருந்து பவளப்பாறை எடுத்தால் கேஸ். தன் கடைத் தொட்டிகளில் ஊறிய பீங்கான் வளையங்களைக் கொண்டுவந்து ரெக்சன் கீழ்த்தொட்டியில் போட்டார். அழுக்கைத் தின்னும் கிருமிகள் அதில் குடியிருக்கின்றனவாம். பம்பு ஓட ஆரம்பித்தது. தண்ணீர் கீழே இறங்கும் குழாயில் அவ்வப்போது தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம். ஒரு முழங்கைக் குழாய் மாட்டி அதில் ஓட்டை போட்டால் சத்தம் நின்றுவிடும் என்றார் ரெக்சன். இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 11, புதன்

காலை ஆறு மணி ஐந்து நிமிஷம். குழாய் இரண்டு தடவை செருமியது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு தடவை செருமிவிட்டு, “உலகு, காபி” என்பார். என் பெயர் உலகம்மாள். அந்தப் பெயரைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

காற்று மாட்டிக்கொள்வதால் வரும் சத்தம் அது. ரெக்சன் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

ஆறு ஐந்து. இரண்டு தடவை.

ஜூன் 19, வியாழன்

மகன் நயினார் கப்பலிலிருந்து பேசினான். ஜூலை இருபதுதான் இறங்க முடியும் என்றான். அப்பா போனபோது அவன் நடுக்கடலில் இருந்தான், கொள்ளி வைத்தது கொழுந்தன் மகன். அஸ்தியையாவது தான் கரைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறானாம். “கலயம் பத்திரமா இருக்காம்மா?” என்றான். வேப்பமரத்தில்தான் இருக்கிறது என்றேன். அது உண்மை.

ஜூன் 27, வெள்ளி

மீன்கள் வந்தன. மண்டபம் ஊர்ப் பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஐந்து, நீல டாம்செல் மூன்று. ஒரு கை அரிசி அளவு கூட இல்லாத சீவன்கள் தொட்டிக்குள் விட்டதும் அடித்த அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூன் 28, சனி

காலையில் எட்டும் இடது ஓரத்தில் நின்றன. நாற்காலியைப் பார்த்தபடி, துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு. நான் வலது பக்கம்தான் தீனி போடுகிறேன்.

ஜூலை 2, புதன்

ஸ்கிம்மர் கோப்பை முதல் தடவையாக நிரம்பியது. பழுப்பு நிறத்தில் கெட்டியான நுரை. சாக்கடைப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஊற்ற மனம் வரவில்லை. கொண்டுவந்து தொட்டியிலேயே ஊற்றினேன்.

இனி ஸ்கிம்மர் ரெக்சன் வரும் நாளில் மட்டும் ஓடினால் போதும்.

ஜூலை 5, சனி

தண்ணீரைச் சோதித்தேன், பாஸ்பேட் 0.6. இருக்க வேண்டியது 0.05. மறுபடி பார்த்தேன். சோதனைக் குழாயில் அதே நீலம். கண்ணாடி முழுக்கப் பச்சைப்பாசி பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

ரெக்சன் தன் சோதனை மருந்தைக் கொண்டுவந்து தானே பார்த்தார். 1.1. நம்பாமல் என் கடல்நீர் டிரம்மைச் சோதித்தார், அதில் ஒன்றும் இல்லை. தீனியைக் கேட்டார், பாறையை முகர்ந்தார்.

“இது தீனியில வர்ற அளவு இல்லக்கா. எலும்புத்தூள் உரம் கிரம் எதுவும் உள்ள விழுந்துச்சா?”

மாடியில் ரோஜாச்செடிகூட இல்லையே என்றேன். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பாஸ்பேட்டை உறிஞ்சும் மணிகளை ஒரு பையில் போட்டுக் கீழ்த்தொட்டியில் வைக்கலாம் என்றார். அந்த மணிகள் உறிஞ்சியதைத் திருப்பித் தருமா என்று கேட்டேன். தராது, மாதம் ஒரு தடவை குப்பையில் போட வேண்டியதுதான் என்றார். அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். பாசியைத் தின்ன நத்தை பத்து தருகிறேன் என்றார், அதையும் அடுத்த வாரம் என்றேன்.

மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். இத்தனை படித்த அம்மாவுக்குச் சொல்லியா தர வேண்டும் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியாமல் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பார்த்த வேலை.

ஜூலை 12, சனி

இடது கண்ணாடியில் பாசி ஓரிடத்தில் மட்டும் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தேன், மாறவில்லை. தடம் உள்பக்கம்.

உள்ளங்கை அகலம். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். மோதிரவிரல் பாதி.

டாம்செல் பாசியைக் கொறிக்கும். புத்தகத்தில் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

நாற்காலியைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் என் கையை அதன் மேல் வைத்தேன். இரண்டு டம்ளர் காபி போட்டேன். பயமெல்லாம் இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடம் சொல்ல?

இந்த வீட்டில் பாதி நாள் அவர் இருந்ததே இல்லை. புயல் சின்னம் என்றால் போய்விடுவார், பொங்கல் என்றாலும் போய்விடுவார். அவருடைய பாதியைக் கடல் வாங்கிக்கொண்டது. மீதியையும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

ஜூலை 15, செவ்வாய்

பாஸ்பேட் 1.8. இன்று இரண்டாவது தடம், முதல் தடத்துக்கு ஒரு சாண் மேலே.

ஜூலை 17, வியாழன்

மூன்றாவது தடம் இன்னும் மேலே. ஒரு கோமாளி மீன் செத்துக் கிடந்தது. மற்றவை தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குழாய் இப்போது ஆறு ஐந்துக்கு மட்டும் இல்லை, பகல் முழுக்கச் செருமுகிறது. இரண்டோடு நிற்பதில்லை. கடைசி நாள் காலையில் மூச்சு வாங்கியபோது அவர் இப்படித்தான்.

அது கேட்காமலிருக்க மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நயினார் வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். தகப்பன் படத்தின் முன் உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழவில்லை. பிறகு தொட்டியிடம் போனான். குனிந்து இடது கண்ணாடியைப் பார்த்தான், ஒரு விரலால் வெளியே தேய்த்துப் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23, புதன்

கலயத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் போனான். என்னையும் கூப்பிட்டான். முழங்கால் வலி என்றேன். கார் தெரு திரும்பும் வரை அவன் அந்தக் கலயத்தைத் தடவிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நல்ல தாய் இல்லை.

நான்காவது தடம் இன்று தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காலை எட்டரைக்குப் போன் வந்தது. கூட்டச் சத்தமும் அலைச் சத்தமும் கேட்டன.

“அம்மா, துணிய அவுத்து ரெண்டு கையிலயும் அள்ளினேன். சிப்பி கெடந்துச்சு. சின்னச் சிப்பி, முழுசா. தீயில வெந்த சாம்பல்ல சிப்பி எப்படிம்மா முழுசா இருக்கும்?”

மீந்த அரை மூட்டை மணலை அடுப்புச் சாம்பலோடு பிசைந்து கலயத்தில் போட்டபோது சலித்துத்தான் போட்டேன். எத்தனை ஆயிரம் மாதிரிகளைச் சலித்த கை இது. ஒரு சிப்பி தப்பிவிட்டது.

“ஐயர் பாக்கல. நான் கைக்குள்ள மூடிக்கிட்டேன். அவர் சொல்லச் சொல்ல மணலக் கரைச்சேன்” என்றான். பிறகு கேட்டான்: “அப்பா எங்கம்மா?”

“வீட்லதான் இருக்காவ” என்றேன். “கூடத்துல. தொட்டி மணலுக்கு அடியில.”

போனில் அலை அடித்தது. கூடத்தில் குழாய் செருமிக்கொண்டே இருந்தது. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவன் மெதுவாகத்தான் பேசினான்.

“அந்தக் கையை வந்த அன்னைக்கே பாத்துட்டேன். உள்பக்கம்னு தெரிஞ்சதும் உங்கிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு. அது உன்னத் தொடுததுக்கு வச்ச கைன்னு நெனச்சியாம்மா? அப்படின்னா ஒரே எடத்துலல்லா இருக்கணும். மேல மேல ஏறிப்போவுது. வெளிய வர வழி தேடுதாவம்மா.”

போனை வைத்துவிட்டுத் தொட்டியின் முன் போய் நின்றேன். நான்கு தடங்களும் ஏணிப்படி மாதிரி நின்றன. நாற்காலிப் பக்கத்தில் ஆரம்பித்தவை, விளிம்பில் முடிந்தன. பன்னிரண்டு நாளாகத் தினமும் பார்க்கிறேன். ஆளைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு, அவர் தட்டியதை எனக்குக் கை காட்டுகிறார் என்று சந்தோஷப்பட்டு இரண்டு டம்ளர் காபி போட்டிருக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். அப்புறம் ரெக்சனைக் கூப்பிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ரெக்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார். திட்டவில்லை. “தண்ணிதான் ஒரு மாசமாச் சொல்லிட்டே இருந்துச்சு, நமக்குத்தான் கேக்கல” என்றார், என்னையும் தன்னையும் சேர்த்து.

மீன்களைத் தன் தொட்டிக்கு மாற்றினார். ரப்பர் குழாயால் மணலை உறிஞ்சி எடுத்தோம். இடது பக்கத்து மணலை நான் கையாலேயே அள்ளினேன். மேலே வெள்ளை, அடியில் சாம்பல் நிறம். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. தண்ணீரையும் டிரம்களில் பிடித்தோம், சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

ரெக்சனின் தம்பி படகில் நானும், ராமேஸ்வரத்திலிருந்து திரும்பியிருந்த நயினாரும் போனோம். துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி, பெரிய கப்பல்களை இழுவைப் படகு எதிர்கொள்ளும் இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொன்னான் நயினார். அவன் பாதி கரைத்தான், நான் பாதி. அந்தச் சாம்பல், தண்ணீரில் கொஞ்ச நேரம் மேகமாக நின்றுவிட்டு இறங்கியது. நயினார் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிப்பியை எடுத்துக் கடைசியாகப் போட்டான்.

முப்பத்திரண்டு வருஷம் அவரை அந்தக் கடலிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டே இருந்தேன். இன்று நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

புதுத் தண்ணீர், புது மணல். இந்த முறை ரெக்சன் பரப்பினார். பெரிய ஸ்கிம்மர், பாஸ்பேட் மணிகள், பஞ்சுப்பை. எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. குழாயில் ஓட்டை போட்ட முழங்கையையும் மாட்டச் சொன்னேன். சத்தம் நின்றுவிட்டது.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஸ்கிம்மர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பழுப்பு வருகிறது. பாறைக்குள் ஊறியிருந்தது என்கிறார் ரெக்சன். தினமும் காலையில் தூக்குவாளியில் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறேன். நடக்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பழகிப்போயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

நயினார் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். போகும்போது, தினமும் ஒரு தடவை போன் பண்ணு என்று நான் அவனிடம் சொல்வதற்கு முன் அவன் என்னிடம் சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாஸ்பேட் 0.04. கோப்பையில் வெறும் வெள்ளைக் குமிழிதான். மீன்கள் திரும்பி வந்துவிட்டன, ஏழும் தொட்டி முழுக்கச் சுற்றுகின்றன. இடது ஓரத்தில் எதுவும் நிற்கவில்லை. சாயங்காலம் கண்ணாடியை உள்ளும் புறமும் பளிங்கு மாதிரி துடைத்தேன். வாசல் கதவைப் பூட்டினேன்.

சோதனையில் இதைவிட நல்ல எண் வராது. இதை ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆறு மணிக்கு எழுந்து காபி போட்டேன். ஒரு டம்ளர்தான். ஆறு ஐந்துக்குக் குழாய் செருமவில்லை.

விளக்கைப் போட்டதும் இடது ஓரத்தில் ஒரு கைத்தடம். நான்கு விரல், மோதிரவிரல் பாதி. ஸ்கிம்மர், மணிகள், பஞ்சு எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. பழக்கதோஷம், துணியை எடுத்துக்கொண்டு போனேன். உள்பக்கமாக இருந்தால் எப்படியும் போகாது என்று விரலால் மெல்லத் தொட்டேன்.

விரல் நுனியில் ஈரம் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. தடம் வெளிப்பக்கம், நாற்காலியில் உட்கார்ந்து எட்டி வைத்தால் வருகிற உயரத்தில்.

துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, இன்னொரு டம்ளர் காபி போடப் போனேன்.